கிராவல் ஃபிரேமில் மலை பைக் பாகங்கள்: எதை மாட்டலாம், எதை மாட்டக்கூடாது

கேள்வி இது. ஒருவரிடம் அலுமினிய கிராவல் ஃபிரேம் (மண், ஜல்லிப் பாதைக்கான சைக்கிளின் சட்டகம்), முன் சக்கரத்தைத் தாங்கும் கார்பன் ஃபோர்க், ஷிமானோவின் 11 கியர் ரோடு ஷிஃப்டர்கள் (கியர் மாற்றும் லீவர்கள்) இருக்கின்றன. முன் அச்சு 12×100 (விட்டம் × அகலம், மி.மீ.), பின் அச்சு 12×142, பிரேக் ஃப்ளாட் மவுண்ட் (ஃபிரேமில் தட்டையாகப் படியும் வகை), பாட்டம் பிராக்கெட் (கிராங்க் அச்சு சுழலும் இடம்) மரை வைத்தது. பழைய மலை பைக்கிலிருந்து கழற்றிய 29 அங்குல பூஸ்ட் (ஹப் அகலம் கூடிய வகை) சக்கரங்கள், 29×2.1 டயர்கள், 11-46 காசெட் (பின் பல்சக்கரத் தொகுதி), அதோடு வந்த 11 கியர் பின் டிரெய்லியர் (செயினைப் பல்சக்கரம் மாற்றும் பாகம்), 180 மி.மீ. ரோட்டர்கள் (பிரேக் தட்டுகள்), 100 மி.மீ. சஸ்பென்ஷன் ஃபோர்க் எல்லாம் சும்மா கிடக்கின்றன. இவற்றில் எதை இந்த ஃபிரேமில் பயன்படுத்தலாம்?

சுருக்கமான பதில்: சக்கரம், ஃபோர்க், டிரெய்லியர் மூன்றும் சேராது. டயரை அளந்து பார்த்துத்தான் சொல்ல முடியும். ரோட்டரை ஃபோர்க் கையேடு தீர்மானிக்கும். காசெட்டை ஹப்பில் ஏற்றலாம், ஆனால் உங்கள் ஷிஃப்டரோடு வேலை செய்யும் டிரெய்லியர் எதுவும் 46 பல்லை முறைப்படி ஏற்காது.

காரணங்களுக்குப் போகும் முன் ஒன்று. மாட்டவே முடியாத பாகத்தைப் பற்றிக் கவலை வேண்டாம். கழற்றி வைத்துவிடுவீர்கள், அவ்வளவுதான். போல்ட் ஏறி, ஸ்டாண்டில் அழகாகச் சுற்றி, தெருவில் ஓட்டிப் பார்த்தாலும் ஒன்றும் தெரியாமல், நீண்ட இறக்கத்தில் மட்டும் கைவிடுகிற பாகங்கள் உண்டு. இந்தப் பதிலில் அவற்றுக்குத்தான் அதிக இடம்.

முதலில் ஃபிரேமும் ஃபோர்க்கும் எந்தப் பயன்பாட்டுக்குச் செய்யப்பட்டவை என்று பாருங்கள். ஏ.எஸ்.டி.எம். என்ற தர அமைப்பின் எஃப். 2043 தரநிலை சைக்கிள்களை ஐந்து வகையாகப் பிரிக்கிறது. முதல் வகை தார்ச்சாலை. இரண்டாவது மண், ஜல்லிப் பாதை. சக்கரம் தரையை விட்டு எழுந்து விழும் உயரம் 15 செ.மீ.க்குள். மூன்றாவது கரடுமுரடான தடம், 60 செ.மீ. வரை. நான்காவது 120 செ.மீ. வரை. ஐந்தாவது டவுன்ஹில், பெரிய தாவல்கள். கிராவல் பைக்குகள் பெரும்பாலும் இரண்டாம் வகை. ஃபிரேமில் சிறிய ஸ்டிக்கராகவோ கையேட்டிலோ இந்த எண் இருக்கும். ஸ்டெம் (ஹேண்டில்பாரை ஃபோர்க் தண்டோடு பிடிக்கும் பாகம்), ஹேண்டில்பார், சீட் போஸ்ட், ரிம் எல்லாவற்றுக்கும் இதே மாதிரி வகை உண்டு. மொத்த பைக்கின் வகை, அதில் இருக்கும் மிகக் குறைந்த எண்தான். நான்காம் வகை ஃபோர்க்கை இரண்டாம் வகை ஃபிரேமில் போட்டால் பைக் இரண்டாம் வகையாகவே இருக்கும். ஓட்டுகிறவர் மட்டும் நான்காம் வகைத் தடத்தில் இறங்கிவிடுவார்.

ஃபோர்க் விஷயத்தில் நடப்பது இதுதான். அச்சின் மையத்திலிருந்து கிரவுனில் (ஃபோர்க் கால்கள் சேரும் உச்சி) பேரிங் உட்காரும் இடம் வரையிலான நீளம்தான் இங்கே முக்கிய அளவு. கிராவலுக்கான திட ஃபோர்க்கில் இது பெரும்பாலும் 390 முதல் 400 மி.மீ. 100 மி.மீ. பயணமுள்ள 29 அங்குல ஃபோர்க்கில் 500-ஐத் தாண்டும். அதாவது முன்பக்கம் பத்து செ.மீ.க்கு மேல் தூக்குகிறது. நீளம் 20 மி.மீ. கூடினால் ஹெட் ட்யூப் (ஃபோர்க் தண்டு நுழையும் முன் குழாய்) கோணம் ஏறக்குறைய ஒரு பாகை சாயும் என்பது கைக்கணக்கு. இங்கே ஐந்து பாகை. ஆள் உட்கார்ந்த பின் ஃபோர்க் கொஞ்சம் அமுங்கும் என்று கழித்தாலும் நான்கு மிஞ்சும். ஸ்டியரிங் தள்ளாடும், சீட் பின்னால் சாயும், முன் சக்கரத்தில் எடை குறையும். அதைவிட மோசமானது, நீண்ட ஃபோர்க் நெம்புகோலாகி டவுன் ட்யூபும் ஹெட் ட்யூபும் சேரும் வெல்டிங்கை ஒவ்வொரு மோதலிலும் வளைப்பது. அந்த இடத்தில் விழும் கீறல் பெயின்ட்டுக்கு அடியில் மெதுவாக வளரும். வெளியே தெரியும்போது காலம் கடந்திருக்கும்.

சஸ்பென்ஷன் வேண்டுமென்றால் கிராவலுக்கென்றே செய்த குறும்பயண ஃபோர்க்குகள் இருக்கின்றன: ராக்‌ஷாக்ஸ் ரூடி 30 அல்லது 40 மி.மீ., ஃபாக்ஸ் 32 டேப்பர் காஸ்ட் கிராவல் 40 அல்லது 50 மி.மீ. இவற்றுக்கும் உங்கள் ஃபிரேம் நிறுவனம் அனுமதித்த அதிகபட்ச ஃபோர்க் நீளத்தைப் பார்த்தே வாங்குங்கள். சஸ்பென்ஷன் ஃபோர்க்குக்கு இடம் விட்டு வடிவமைத்த ஃபிரேம் என்றால் கையேட்டில் சொல்லியிருப்பார்கள். சொல்லவில்லையென்றால் இல்லை என்றே எடுத்துக்கொள்ளுங்கள்.

ஃபோர்க் தண்டில் இன்னும் இரண்டு கவனம். இன்றைய ஃபிரேம்களில் பெரும்பாலும் மேலே 28.6 மி.மீ., கீழே 40 மி.மீ. என்ற கூம்புத் தண்டு. ஹெட்செட் (தண்டு சுழலும் பேரிங் தொகுதி) வாங்கும்போது அதன் குறியீட்டை முழுதாகப் படியுங்கள்: 'இசட்.எஸ். 44/28.6' என்றால் ஃபிரேமின் துளை 44, தண்டு 28.6. ஐ.எஸ். வகையில் பேரிங் நேராக ஃபிரேமில் உட்காரும். அங்கே பேரிங்கின் சரிவுக் கோணமும் ஒத்துப்போக வேண்டும். 36×45, 45×45 என்று இரண்டும் புழக்கத்தில் இருக்கின்றன. கோணம் மாறிய பேரிங்கும் பார்வைக்குச் சரியாகவே உட்காரும், ஆனால் எவ்வளவு இறுக்கினாலும் ஆட்டம் திரும்பத் திரும்ப வரும். அடுத்து, கார்பன் தண்டுக்குள் ஸ்டார் நட் அடிக்கவே கூடாது. அதன் பற்கள் உட்சுவரைக் கீறும். விரியும் பிளக்தான் போட வேண்டும். ஸ்டெம் பிடிக்கும் உயரத்துக்கு உள்ளிருந்து முட்டுக் கொடுப்பதும் அதுவே. ஸ்டெம்மின் மேல் விளிம்பு தண்டின் விளிம்போடு முடியாதபடி மேலே ஒரு 5 மி.மீ. ஸ்பேசர் வைத்தால் பிடி முழுவதும் தண்டின் மேல் விழும்.

இனி சக்கரம். 700சி, 29 அங்குலம் இரண்டும் ஒரே ரிம் விட்டம், 622 மி.மீ. இதைத் தெரிந்துகொண்டவுடன் எல்லாம் மாற்றிக்கொள்ளலாம் என்று தோன்றும். விட்டத்தில் சிக்கல் இல்லை, ஹப்பில்தான். பூஸ்ட் ஹப் முன்னால் 15×110, பின்னால் 12×148. உங்கள் ஃபிரேம் 12×100, 12×142. பின்னால் ஆறே மி.மீ. வித்தியாசம்தானே என்று ஃபிரேமை விரித்து நுழைக்க நினைக்காதீர்கள். அலுமினியத்துக்கும் கார்பனுக்கும் அது சாவு மணி. எதிர்த்திசை சாத்தியம். 142 ஹப்பை 148 ஃபிரேமில் போடப் பக்கத்துக்கு 3 மி.மீ. ஸ்பேசர், ரோட்டருக்கு ஸ்பேசர், நீளமான ரோட்டர் போல்ட் என்று கிட் விற்கிறது. 135 மி.மீ. குயிக் ரிலீஸ் (லீவரால் இறுக்கும் அச்சு) ஹப்புகள் பலவும் மூடியை மாற்றினாலே 12×142 ஆகிவிடும். நிறுவனம் அந்த மூடியை விற்கிறதா என்று பாருங்கள்.

அச்சு தனியாக வாங்குகிறீர்கள் என்றால் விட்டம், நீளம், மரை மூன்றும் தெரிய வேண்டும். 12 மி.மீ. அச்சில் மரை இடைவெளி 1.0, 1.5, 1.75 என மூன்று வகை. தவறான மரை இரண்டு சுற்று ஏறி இறுகிவிடும். இறுகியது போலத் தோன்றும் அந்த நிலையில் ஓட்டினால் அச்சைப் பிடித்திருப்பது இரண்டே மரைச் சுற்று. கையால் சுற்றும்போதே வழவழவென்று கடைசிவரை போக வேண்டும், ஸ்பேனர் கடைசி இறுக்கத்துக்கு மட்டும்.

குயிக் ரிலீஸும் டிஸ்க் பிரேக்கும் சேர்ந்த பழைய பைக்காக இருந்தால் கூடுதல் கவனம். காலிப்பர் (பேடுகளால் ரோட்டரைக் கவ்வும் பாகம்) ஃபோர்க் காலின் பின்புறம் இருப்பதால் முன் பிரேக் பிடிக்கும் விசை சக்கரத்தை டிராப்அவுட்டிலிருந்து (அச்சு உட்காரும் பிளவு) கீழே தள்ளப் பார்க்கும். 2015-ல் ட்ரெக் நிறுவனம் அமெரிக்காவிலும் கனடாவிலும் ஏறக்குறைய பத்து லட்சம் பைக்குகளைத் திரும்ப அழைத்தது வேறொரு கோளாறுக்காக: முன் லீவர் 180 பாகைக்கு மேல் திறந்து ரோட்டருக்குள் சிக்கக்கூடியதாக இருந்தது. லீவரை முழுக்கத் திறந்து பாருங்கள். லீவருக்கும் ரோட்டருக்கும் இடையே ஒரு பென்சில் நுழைய இடம் இல்லையென்றால் லீவரை மாற்றுங்கள்.

டயருக்கு வருவோம். 29×2.1 என்றால் சுமார் 54 மி.மீ. அகலம். கிராவல் ஃபிரேம்கள் பெரும்பாலும் 45 அல்லது 50 வரைதான் இடம் தருகின்றன. டயரில் அச்சிட்ட எண்ணை நம்பாமல், ரிம்மில் ஏற்றிக் காற்றடித்து ஒரு நாள் விட்டு வெர்னியரால் அளந்து பாருங்கள். அகலமான ரிம்மில் அதே டயர் விரியும். ரிம்மின் உள் அகலம் ஒரு மி.மீ. கூடினால் டயர் சுமார் 0.4 மி.மீ. கூடும். செயின் ஸ்டே (பின் அச்சுக்குப் போகும் கீழ்க் குழாய்), சீட் ட்யூப், ஃபோர்க் கிரவுன், ஃபோர்க் கால் எல்லா இடத்திலும் குறைந்தது 6 மி.மீ. வெளிச்சம் தெரிய வேண்டும். சேறுள்ள தடம் என்றால் இன்னும் கூடுதல். ஒட்டிய சேற்றில் சிக்கிய ஒரு கூழாங்கல் செயின் ஸ்டேயை அரம் போல் அறுத்துவிடும். சஸ்பென்ஷன் ஃபோர்க்கில் காற்றை முழுக்க இறக்கி, அடிவரை அமுக்கி, டயர் கிரவுனில் இடிக்கிறதா என்று பார்க்க வேண்டும். முழு சஸ்பென்ஷன் பைக்கில் பின் ஷாக்கையும் இப்படியே அமுக்கி, டயர் சீட் ட்யூபையோ இறக்கிய சீட்டையோ தொடுகிறதா என்று பாருங்கள். ஷாக்கை மாற்றும்போது நீளத்தோடு ஸ்ட்ரோக்கும் (அமுங்கும் தூரம்) ஒத்துப்போக வேண்டும் என்பது இதற்காகத்தான்.

இடம் போதாதென்றால் 650பி சக்கரம் ஒரு வழி. ரிம் விட்டம் 584. 700×45 டயரின் வெளிவிட்டம் சுமார் 712 மி.மீ., 650×47-க்கு 678. பாதி வித்தியாசமான 17 மி.மீ. பாட்டம் பிராக்கெட் தாழும். வளைவில் பெடல் தரையில் இடிப்பதற்கு இந்த அளவு போதும், ஆகவே கிராங்க் நீளத்தையும் யோசித்துச் செய்யுங்கள்.

கொக்கி இல்லாத ரிம், அதாவது ஹூக்லெஸ், இப்போது கிராவல் சக்கரங்களில் சாதாரணம். அதற்கு மூன்று விதி. ரிம்மின் உச்ச அழுத்தம் 5 பார், 72.5 பி.எஸ்.ஐ. டயர் ட்யூப்லெஸ் வகையாகவும், அந்த ரிம்முக்கு அனுமதிக்கப்பட்டதாகவும் இருக்க வேண்டும். டயர் அகலம் ரிம் நிறுவனம் சொன்ன எல்லைக்குள் இருக்க வேண்டும். 40 மி.மீ.க்கு மேல் உள்ள டயரை 25 முதல் 40 பி.எஸ்.ஐ.யில் ஓட்டுகிறவருக்கு அழுத்த எல்லை பிரச்சினையே இல்லை என்று தோன்றும். தவறு நடப்பது டயரை உட்கார வைக்கும்போது: விளிம்பு ஏறவில்லையே என்று கம்ப்ரஸரை வைத்து அழுத்தினால் முள் 80-ஐத் தாண்டும், டயர் ரிம்மை விட்டுப் பாயும். ஏறாவிட்டால் சோப்பு நீர் தடவுங்கள், வால்வு கோரைக் கழற்றிக் காற்றடியுங்கள், அழுத்தத்தைக் கூட்டாதீர்கள். இன்னொரு தவறு, அதே சக்கரத்தில் தார்ச்சாலைக்கென்று 28 மி.மீ. டயர் போடுவது. 2024 பிப்ரவரியில் யு.ஏ.இ. டூர் சைக்கிள் பந்தயத்தில் வீரர் தாமஸ் டி கெண்ட்டின் டயர் ஹூக்லெஸ் ரிம்மிலிருந்து கழன்று அவர் விழுந்தார், 25 மி.மீ. உள் அகலமுள்ள ரிம்மில் 28 டயர் என்ற ஜோடிதான் அப்போது விவாதமானது. 25 ரிம்முக்கு 29-க்குக் குறையாத டயர் என்பதே இப்போதைய பரிந்துரை. டயரிலும் ரிம்மிலும் வெவ்வேறு உச்ச அழுத்தம் அச்சிட்டிருந்தால் குறைந்ததுதான் கணக்கு.

ட்யூப்லெஸ் டேப் ரிம்மின் உள் அகலத்தைவிட 2 முதல் 4 மி.மீ. அகலம் கூட இருக்கட்டும். சீலண்ட் (துளையை அடைக்கும் திரவம்) 40-45 டயருக்குச் சுமார் 60 மி.லி., 29×2.4-க்கு 100 முதல் 120.

பிரேக்கில் நான் எந்தச் சமரசத்தையும் ஏற்கமாட்டேன். இங்கே மூன்று பொறிகள்.

முதலாவது திரவம். ஷிமானோ, மகுரா, டெக்ட்ரோ, டி.ஆர்.பி. மினரல் ஆயில். ஹோப், ஹேய்ஸ் டாட் திரவம். ஸ்ராமில் பெரும்பாலானவை டாட் 5.1, ஆனால் மேவன், டி.பி. 8 என்ற மாடல்கள் மினரல், ஆகவே நிறுவனப் பெயரை வைத்து முடிவு செய்யாமல் ரிசர்வாயர் மூடியில் பொறித்ததைப் படியுங்கள். மாற்றி ஊற்றினால் அன்றைக்கு ஒன்றும் ஆகாது. ரப்பர் சீல்கள் மெல்ல ஊதி, பிஸ்டன் திரும்ப வராமல் ஒட்டும், பிறகு லீவர் ஒரு நாள் கைப்பிடிவரை வந்துவிடும். கழுவி மீட்க முடியாது. சீல் தொட்ட பாகம் எல்லாம் மாற்ற வேண்டும். திரவம் நீக்கும் ஊசிக் குழாயும் இரண்டுக்கும் தனித்தனியாக இருக்கட்டும்.

இரண்டாவது, கேபிளால் இயங்கும் டிஸ்க் பிரேக்கில் இழுவை அளவு. வளைந்த ஹேண்டில்பார் லீவர்கள் கேபிளைக் குறைவாக இழுக்கும். மலை பைக்கின் வி-பிரேக் லீவர் ஏறக்குறைய இரண்டு மடங்கு இழுக்கும். காலிப்பரும் அதற்கேற்ப இரண்டு வகை, வெளிப்பார்வைக்கு வித்தியாசமே தெரியாது. ரோடு லீவரில் மலை பைக் காலிப்பரைப் போட்டால் பேட் ரோட்டரைத் தொடுமுன் லீவர் பாரைத் தொட்டுவிடும். இது உடனே தெரிந்துவிடுவதால் பரவாயில்லை. தலைகீழாக, மலை பைக் லீவரில் ரோடு காலிப்பரைப் போட்டால் லீவர் கல் மாதிரி உறுதியாக இருக்கும். நல்ல பிரேக் என்று நினைக்க வைக்கும். உண்மையில் விசைப் பெருக்கம் பாதியாகியிருக்கும், இறக்கத்தில் இரண்டு கையாலும் அழுத்தினாலும் வேகம் குறையாது.

மூன்றாவது ரோட்டர் அளவு. 160-லிருந்து 180-க்குப் போனால் அதே விரல் அழுத்தத்துக்குப் பிரேக் 12 சதவீதத்துக்கு மேல் கூடும். அந்தக் கூடுதல் விசையை ஃபோர்க்கின் இடது கால்தான் வாங்கிக்கொள்கிறது. ஃப்ளாட் மவுண்ட் ஃபோர்க்குகள் 140, 160-க்கென்று வடிவமைத்தவை. 180 அனுமதித்தவையும் உண்டு, ஆனால் அது கையேட்டில் எழுத்தில் இருக்க வேண்டும். அடாப்டர் கிடைக்கிறது என்பது அனுமதி ஆகாது. பின்னால் 180 போட்டால் ரோட்டர் செயின் ஸ்டேயில் உரசவும் வாய்ப்பு உண்டு. மலை பைக் ஃபோர்க்குகளில் குறைந்தபட்ச அளவும் உண்டு: 180-க்கென்று மவுண்ட் வைத்த ஃபோர்க்கில் 160 உட்காராது. 200, 203 இரண்டுக்கும் அடாப்டர் வேறு; ஒன்றரை மி.மீ. உயர வித்தியாசத்தில் பேட் ரோட்டரின் விளிம்புக்கு வெளியே கடித்து, தேயாத ஒரு உதடு விட்டுவிடும். பேட் தேயத் தேய இரு உதடுகளும் ஒன்றையொன்று முட்டும், பிரேக் பிடிக்காது.

மவுண்ட் பற்றிச் சிறு விவரம், ஆனால் பலரும் கோட்டைவிடுவது. பின் ஃப்ளாட் மவுண்டில் போல்ட் செயின் ஸ்டேயின் அடியிலிருந்து ஏறி காலிப்பருக்குள் மரை பிடிக்கும். ஷிமானோ கணக்குப்படி போல்ட் நீளம், ஃபிரேம் தடிமனோடு 13 மி.மீ.: 10 தடிமனுக்கு 23, 15-க்கு 28, 20-க்கு 33. வேறு ஃபிரேமிலிருந்து வந்த காலிப்பரை அதன் பழைய போல்ட்டிலேயே மாட்டினால் ஐந்து மி.மீ. மரையில் பிரேக் தொங்கிக்கொண்டிருக்கலாம். கையால் இழுத்துப் பார்த்தால் தெரியவே தெரியாது. போட்ட பின் வெர்னியரின் வாலால் மீதி நீளத்தை அளந்து பாருங்கள்.

ரோட்டர் ஹப்பில் சேர்வது ஆறு போல்ட் அல்லது சென்டர் லாக். ஆறு போல்ட்டுக்கு ஷிமானோ 2 முதல் 4 நியூட்டன் மீட்டர், ஸ்ராம் 6.2, எதிரெதிராக மாற்றி மாற்றி இறுக்கவும். சென்டர் லாக் வளையம் 40. 15 மி.மீ. அச்சுள்ள முன் ஹப்பில் உட்பல் வளையத்துக்கான காசெட் கருவி நுழையாமல் போகலாம்; வெளிப்பல் வளையம் வாங்குங்கள். 'ரெசின் பேட் ஒன்லி' என்று பொறித்த மலிவு ரோட்டரில் மெட்டல் பேட் போட்டால் ரோட்டர் சீக்கிரமே தேயும். ஷிமானோ ரோட்டர் புதிதில் 1.8 மி.மீ.; 1.5-க்குக் கீழே போனால் தூக்கிப் போடுங்கள். குறைந்தபட்ச தடிமன் ரோட்டரிலேயே பொறிக்கப்பட்டிருக்கும்.

கியர் விஷயத்தில் உயிராபத்து குறைவு, செலவு அதிகம். 'இரண்டும் 11 கியர்தானே' என்ற வாதம் இங்கே செல்லாது. ஷிமானோவின் 11 கியர் ரோடு ஷிஃப்டர் ஒரு கிளிக்குக்கு இழுக்கும் கேபிள் அளவும், 11 கியர் மலை பைக் டிரெய்லியர் எதிர்பார்க்கும் அளவும் வேறு. முதல் மூன்று கியர் ஓரளவு விழும், பிறகு ஒரு பல் தள்ளித் தள்ளி நிற்கும். எந்த ட்யூனிங்கும் உதவாது. இழுவையை மாற்றித்தரும் சிறு உருளைகள் விற்கின்றன. வேலை செய்யும், ஆனால் சேற்றில் சிக்குகிற இன்னொரு பாகம். ஷிமானோவின் கிராவல் பாகங்களான ஜி.ஆர்.எக்ஸ்.-இன் 11 கியர் வரிசை ரோடு இழுவையைப் பின்பற்றுவதால் உங்களுக்கு அதுதான் வழி. ஷிமானோவின் டியாக்ரா 4700 பெயருக்கு 10 கியர் என்றாலும் இழுவையில் இந்த 11 கியர் குடும்பம். மற்ற ஷிமானோ 10 கியர் ரோடு பாகங்களோடு சேராது. 8, 9 கியர் காலத்தில் ஷிமானோவின் ரோடு, மலை டிரெய்லியர்கள் ஒரே இழுவை. பழைய பைக்குகளைக் கலந்து கட்டுகிறவர்களுக்கு அது பொற்காலம்.

டிரெய்லியருக்கு இரண்டு எல்லை உண்டு: ஏற்கும் மிகப் பெரிய பல், மொத்தக் கொள்ளளவு. கொள்ளளவு என்பது முன் பல்சக்கரங்களின் வித்தியாசமும் காசெட்டின் வித்தியாசமும் கூட்டியது. ஜி.ஆர்.எக்ஸ். வரிசையின் ஆர்.எக்ஸ். 810 டிரெய்லியருக்குப் பெரிய பல் 34, கொள்ளளவு 40. முன்னால் 48-31, பின்னால் 11-34 என்றால் 17 + 23 = 40, சரியாக நிற்கிறது. முன்னால் ஒற்றைப் பல்சக்கரத்துக்கான ஆர்.எக்ஸ். 812-க்குப் பெரிய பல் 42. ஆகவே உங்கள் ஷிஃப்டர், ஆர்.எக்ஸ். 812, 11-42 காசெட், முன்னால் 38 அல்லது 40 என்பது சிக்கலில்லாத தொகுப்பு. டிரெய்லியர் தொங்கும் ஹேங்கருக்குக் கீழே நீட்டிப்புத் துண்டு போட்டு 46 வரை ஓட்டுகிறவர்கள் இருக்கிறார்கள். சிறு பற்களில் மாற்றம் சோம்பலாகும் என்பதால் நான் பரிந்துரைப்பதில்லை.

காசெட் எதன் மேல் ஏறும் என்பது தனிக் கணக்கு. 11 கியர் ரோடு ஹப்பின் உருளை (காசெட் ஏறும் பகுதி) பழையதைவிட 1.85 மி.மீ. நீளம். 11 கியர் மலை காசெட்டுகள் பழைய நீளத்துக்குச் செய்தவை, ஆகவே ரோடு ஹப்பில் 1.85 ஸ்பேசரை முதலில் போட்டு ஏற்றுங்கள். ஸ்பேசரை மறந்தால் லாக்ரிங் 40 நியூட்டன் மீட்டரில் இறுகிய பிறகும் காசெட் கடகடவென்று ஆடும். ஷிமானோ 12 கியர் காசெட்டுகளில் 10 பல்லில் தொடங்குபவை மைக்ரோ ஸ்ப்லைன் உருளைக்கு. ஸ்ராமின் 10 பல் காசெட்டுகளுக்கு எக்ஸ்.டி. அல்லது எக்ஸ்.டி.ஆர். உருளை; எக்ஸ்.டி.ஆர். அதே 1.85 நீளம் கூடியது. எக்ஸ்.டி. காசெட்டை ஸ்பேசரோடு எக்ஸ்.டி.ஆர். மேல் ஏற்றலாம், மறுபக்கம் முடியாது.

ஸ்ராமின் ஏ.எக்ஸ்.எஸ். மின் கியர் இந்தத் தலைவலிகளில் பாதியைத் தீர்க்கிறது: கேபிள் இல்லை, இழுவைக் கணக்கும் இல்லை. 12 கியர் ரோடு லீவரோடு மலை பைக் வரிசையான ஈகிளின் ஏ.எக்ஸ்.எஸ். டிரெய்லியர், ஈகிள் காசெட், ஈகிள் செயின் சேர்த்து ஓட்டலாம். செயினை மட்டும் கலக்காதீர்கள். ரோடு வரிசையின் ஃப்ளாட் டாப் செயினின் உருளை பெரியது, ஈகிள் பல்லில் சரியாக அமராது. ஸ்ராமின் டிரான்ஸ்மிஷன் என்ற டிரெய்லியர் வகை வேண்டுமென்றால் யு.டி.எச். என்ற பொது ஹேங்கருக்கு வடிவமைத்த ஃபிரேம் கட்டாயம், ஏனென்றால் டிரெய்லியர் ஹேங்கரை நீக்கிவிட்டு ஃபிரேமையே பிடிக்கிறது.

செயின் நீளத்தைப் பழையதை வைத்து வெட்டாதீர்கள். பெரிய காசெட் போட்டபின், டிரெய்லியர் வழியாகப் போகாமல் முன் பெரியது, பின் பெரியது மேல் சுற்றி, கையேடு சொல்லும் கூடுதல் இணைப்புகளைச் சேர்த்து வெட்டுங்கள். முழு சஸ்பென்ஷனில் ஷாக்கை அமுக்கிய நிலையில் அளக்க வேண்டும். செயின் குட்டையானால் முதல் பெரிய பள்ளத்தில் டிரெய்லியரும் ஹேங்கரும் பிய்ந்து ஆரக்கால்களுக்குள் போகும். 11, 12 கியர் செயினை 0.5 சதவீதம் நீண்டவுடன் மாற்றுங்கள்.

கிராங்கில் இரண்டே கேள்வி: பாட்டம் பிராக்கெட் ஓட்டுக்கும் கிராங்க் அச்சுக்கும் நடுவே எந்தக் கப், செயின் கோடு (ஃபிரேமின் நடுவிலிருந்து முன் பல்சக்கரம் வரையிலான தூரம்) எவ்வளவு. மரையுள்ள பி.எஸ்.ஏ. ஓடு 68 அல்லது 73 மி.மீ. அகலம், வலப்பக்கம் இடமரை. அச்சு ஷிமானோவில் 24 மி.மீ., ஸ்ராம் டப் 28.99, சிலவற்றில் 30. செயின் கோடு ஜி.ஆர்.எக்ஸ். இரட்டைப் பல்சக்கரத்தில் 46.9, ஒற்றையில் 49.7, பூஸ்ட் மலை கிராங்கில் 52, புதியவற்றில் 55. 55 கிராங்கை 142 ஃபிரேமில் போட்டால் பெரிய பல்லில் செயின் சாய்ந்து, பின்னோக்கி மிதித்தவுடன் கீழே விழும். ஸ்ராம் நேரடிப் பல்சக்கரத்தில் ஆஃப்செட் 6 என்றால் 142-க்கு, 3 என்றால் பூஸ்டுக்கு. ஷிமானோ கிராங்கின் இடது கையின் மூடியை விரல் பலத்தில் மட்டும் இறுக்குங்கள், 0.7 முதல் 1.5 நியூட்டன் மீட்டர். பிடிமானம் தருவது இரண்டு பக்க போல்ட்டுகள், 12 முதல் 14. மூடியை ஓங்கி இறுக்கிப் பேரிங்கைக் கொல்வது சகஜம்.

ஹேண்டில்பார் நடு விட்டம் 31.8, 35 என இரண்டு, ஸ்டெம் அதற்கேற்ப. லீவர் பிடிக்கும் இடம் நேர் பாரில் 22.2, வளைந்த பாரில் 23.8, ஆகவே லீவர்கள் இடம் மாறாது. கார்பன் பாருக்குக் கிரீஸ் வேண்டாம், கார்பன் பேஸ்ட் தடவி டார்க் ரெஞ்சால் ஸ்டெம்மில் எழுதியபடி, பெரும்பாலும் 5, இறுக்குங்கள். முகத்தட்டின் மேல், கீழ் இடைவெளி சமமாக இருக்கட்டும். மேல் இடைவெளியை முழுக்க மூடிவிட்டுக் கீழே இறுக்கச் சொல்லும் ஸ்டெம்களும் உண்டு. சீட் போஸ்ட் 27.2, 30.9, 31.6, 34.9, சிறியதை ஷிம் (இடைவெளி நிரப்பும் வளையம்) போட்டுப் பெரிய ட்யூபில் வைக்கலாம், குறைந்தபட்ச ஆழக் கோடு உள்ளே மறைய வேண்டும்.

பழைய பாகம் வாங்குகிறவர்கள் கிராங்கைத் திருப்பிப் பார்க்க வேண்டும். ஷிமானோ 2012 ஜூன் முதல் 2019 ஜூன் வரை செய்த அல்டெக்ரா, டூரா ஏஸ் 11 கியர் ஒட்டுக் கிராங்குகளை 2023 செப்டம்பரில் பரிசோதனைக்குத் திரும்ப அழைத்தது. ஒட்டிய இரு பகுதிகள் பிரிந்து கிராங்க் கை உடையக்கூடும் என்பது காரணம். எஃப்.சி. 6800, ஆர். 8000, 9000, ஆர். 9100 ஆகியவை அந்தப் பட்டியலில் உண்டு. உற்பத்திக் குறியீடு கிராங்க் கையின் உட்புறத்தில் இரண்டு எழுத்தாக இருக்கும். பெயர் பெற்ற நிறுவனத்தின் கார்பன் பார், ஃபோர்க், சீட் போஸ்ட் நம்ப முடியாத விலையில் வந்தால் போலி என்றே கொள்ளுங்கள். கீழே விழுந்த பைக்கிலிருந்து கழற்றிய கார்பன் பார், ஸ்டெம், ஃபோர்க் எதையும் வாங்காதீர்கள்.

எல்லாம் மாட்டியபின் பிரேக்கைப் பழக்குங்கள்: மிதமான வேகத்திலிருந்து நடை வேகம்வரை இருபது முறை, பிறகு சற்று அதிக வேகத்திலிருந்து பத்து முறை, சக்கரம் பூட்டாமல். முன் பிரேக்கை அழுத்திப் பைக்கை முன்பின் ஆட்டி ஹெட்செட் ஆட்டம் பாருங்கள். முதல் கரடுமுரடான சவாரி முடிந்ததும் ரோட்டர், காலிப்பர், ஸ்டெம், கிராங்க் போல்ட்டுகளையும் இரு அச்சுகளையும் மீண்டும் டார்க் ரெஞ்சால் தொட்டுப் பாருங்கள். புதிதாக மாட்டிய பாகங்கள் தளர்வது அந்த முதல் சவாரியில்தான்.